கண்டதும் கொண்டதும்: சில திரைப்படங்கள் பற்றிய எளிய கருத்துகள்

இயல், இசை, நாடகம் என மூன்றையும் ஒருங்கே போற்றி வளர்த்தவர்கள் தமிழர்கள். அம்மூன்றும் ஒரே வெண்திரையில் வந்து கூடிய பின்பும், தமிழ்த்துறை மலரில் திரைப்படத்தைப் பற்றி எழுதலாமா என்னும் தயக்கம் நம்மிடையே இன்றும் இருக்கத்தான் செய்கிறது. திரைப்படம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பெரியோர் ஒருபுறம். அதுவே வாழ்க்கை என்று அதன் பின்னால் ஓடும் இளைஞர் மறுபுறம். இவ்விரு சாராருக்கும் இடையே, எப்போதாவது ஒரு படம் பார்த்து, பார்த்ததை இரண்டு நாள் மனத்தில் அசைபோட்டு, பிறகு தம் வேலையைக் கவனிக்கச் செல்லும் சாதாரணப் பார்வையாளர் பலர் உளர். நாம் அவ்வினத்தைச் சேர்ந்தோம். ஒளிப்பதிவின் நுட்பமோ படத்தொகுப்பின் இலக்கணமோ நாம் கற்றவர் அல்லோம். ஆகவே ஈண்டுக் கூறப்படுவன திறனாய்வுகள் அல்ல. கண்டவற்றிலிருந்து நாம் கொண்டவை மட்டுமே.

பெரியோரின் மனக்குறையை முதலிலேயே ஒப்புக்கொள்வது நேர்மை. பொழுதை விழுங்குதல், பெண்மையை இழிவுபடுத்துதல், நடிகரை வழிபடுதல், வன்முறையை வீரமாகக் காட்டுதல் ஆகிய குற்றச்சாட்டுகளில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் நெல்லோடு பதரும் இருப்பது கண்டு நாம் வயலையே துறப்பதில்லை. பதரைப் பிரிக்கச் சுளகு வேண்டும். அச்சுளகு தமிழ் கற்றோரிடம் முன்னமே இருக்கிறது என்பது நம் எண்ணம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நான்கு காரணங்களால் பிறக்கும் என வகுத்துள்ளார். நாம் எதைக் கண்டு சிரிக்கிறோம், எதைக் கண்டு அழுகிறோம், எவர் மீது சினம் கொள்கிறோம் என்று நம்மையே நாம் கேட்டுக்கொள்ள இதைவிட நல்ல கருவி வேறில்லை. வெவ்வேறு வகையைச் சேர்ந்த ஆறு படங்களை இக்கருவி கொண்டு நோக்குவோம்.

நகை: காதலிக்க நேரமில்லை

இயக்குநர் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964-இல் வெளிவந்த வண்ணப்படம். ரவிச்சந்திரனும் காஞ்சனாவும் இப்படத்தின் வழியே அறிமுகமாயினர். வேலையிழந்த இளைஞன் ஒருவன் செல்வரின் மகளை மணப்பதற்காக, தன் நண்பனுக்கு முதியவர் வேடமிட்டுப் பெரும் பணக்காரத் தந்தையாக அழைத்து வருவதே கதை. நகை பிறப்பதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு காரணங்கள் கூறப்பட்டுள்ளன. இந்நான்கும் இப்படத்தில் இருக்கின்றன. கையில் காசின்றிப் படமெடுக்கப் புறப்படும் செல்லப்பாவாக நாகேஷ் பேதைமைக்கு எடுத்துக்காட்டு. பிறர் சொன்னதை அப்படியே நம்பிப் பற்றிக்கொள்ளும் மடனுக்கு, அவர் தந்தை விசுவநாதனாக வரும் டி. எஸ். பாலையா எடுத்துக்காட்டு.

மகன் தந்தைக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை அறியாதார் சிலரே. பல முறை பார்த்த பின் நமக்குத் தோன்றிய கருத்து ஒன்றுண்டு. கதவு கிறீச்சிடுவதையும் காலடி ஓசையையும் வாயாலேயே எழுப்பிக் கதை சொல்பவர் நாகேஷ். ஆனால் நம்மைச் சிரிக்க வைப்பது பெரும்பாலும் பாலையாவின் முகமே. அவர் ஒன்றும் பேசாமல் அஞ்சுகிறார். அந்த அச்சத்தில் நமக்கு நகை பிறக்கிறது. நல்ல பேச்சாளன் ஒளிர நல்ல கேட்பாளன் வேண்டும் என்பதை வகுப்பறையில் நின்று பேசுவோர் அனைவரும் அறிவர்.

குறை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். செல்வத்தைக் கண்டு சம்பந்தம் பேசும் தந்தை ஏமாறுவது கண்டு சிரிக்கிறோம்; நியாயமே. ஆயின் ஏமாற்றுவோரும் பொய்யின் மேல் பொய் அடுக்குகின்றனர். படம் அதைச் சிரிப்பால் மூடிக் கடந்துவிடுகிறது. நாமும் உடன் கடந்துவிடுகிறோம். இரண்டரை மணி நேரம் எவர் உடலையும், எவர் குலத்தையும், எவர் நிறத்தையும் பெரிதும் பழியாமல் சிரிக்க வைத்த படம் என்பதால் அதனை மன்னிக்கலாம் என்பது நம் தீர்ப்பு. இன்றைய நகைச்சுவைகள் பலவற்றுக்கு அம்மன்னிப்பை வழங்க மனம் வரவில்லை.

மருட்கை: அந்த நாள்

வியப்பு பிறப்பதற்குரிய காரணங்களுள் ஒன்று புதுமை. 1954-இல் ஏ.வி.எம். நிறுவனத்தார் தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' அவ்வகையில் வியப்பூட்டுவது. பாட்டுக்குப் பாட்டு என்று படங்கள் ஓடிய காலத்தில் பாடல் ஒன்றுகூட இல்லாமல், நடனமும் இல்லாமல் வந்த படம் அது. 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய நாட்களே கதையின் களம். வானொலிப் பொறியாளன் ராஜன், படம் தொடங்கிய உடனேயே சுடப்பட்டு இறந்து விழுகிறான். அப்பாத்திரத்தை ஏற்றவர் சிவாஜி கணேசன். கதைத்தலைவன் முதற்காட்சியிலேயே இறந்துபட, எஞ்சிய நேரமெல்லாம் அவனைக் கொன்றவர் யார் என்று அறியும் விசாரணையாகவே படம் நடக்கிறது. படத்திற்கு எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் வருகிறார்.

மனைவி, உடன்பிறந்தான், அவன் மனைவி, அண்டை வீட்டார் எனப் பலரும் ராஜனைப் பற்றித் தத்தம் கதையைச் சொல்கின்றனர். ஒவ்வொருவர் சொல்லிலும் வேறொரு ராஜன் எழுந்து வருகிறான். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' 1950-இல் கையாண்ட முறையை இது நினைவூட்டுவது உண்மையே. நாம் இதிலிருந்து கொண்டது வேறொன்று. சாட்சி சொல்பவர் பிறரைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு தம்மைப் பற்றியே சொல்லிவிடுகிறார். ஒருவரைப் பற்றிய புறங்கூற்றைக் கேட்கும்போதெல்லாம், கூறப்பட்டவரை அறிந்ததைவிடக் கூறியவரையே நாம் மிகுதியாக அறிகிறோம் அன்றோ?

வெளிவந்த காலத்தில் இப்படம் வணிக வெற்றி பெறவில்லை. இறுதிப் பகுதியில் உரையாடல் சற்று நீண்டு சொற்பொழிவாவது அதன் குறை. ஆயினும் புதியதைச் செய்தவரை மக்கள் உடனே கொண்டாடுவதில்லை என்பதற்கும், காலம் அவரைக் கைவிடுவதில்லை என்பதற்கும் அது சான்றாக நிற்கிறது.

அழுகை: வீடு

இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கால் அழுகை பிறக்கும் என்பர். பாலு மகேந்திராவின் 'வீடு' 1988-இல் திரைக்கு வந்தது. நடுத்தரக் குடும்பத்தைச் சேர்ந்த சுதா என்னும் பெண், வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்ந்ததால், பாட்டனாரின் நிலத்தில் ஒரு சிறு வீடு கட்ட முயல்கிறாள். கடன் வாங்குகிறாள், ஒப்பந்தக்காரன் ஏய்க்கிறான், மழை வருகிறது, கட்டுமானம் நிற்கிறது. கதை இவ்வளவே. பாடல் இல்லை, சண்டை இல்லை. சுதாவாக நடித்த அர்ச்சனா சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். பாட்டனாராக வருபவர் முதுபெரும் நாடகக் கலைஞர் சொக்கலிங்க பாகவதர்.

அரைகுறையாக நிற்கும் வீட்டைக் காண அம்முதியவர் தனியே புறப்பட்டு வருகிறார். சுவர்களைத் தடவிப் பார்க்கிறார். அறை அறையாக நடக்கிறார். எவரும் எதுவும் பேசவில்லை. இளையராஜாவின் இசை மட்டுமே உடன் வருகிறது. அவர் அவ்வீட்டில் குடியேறும் நாளைக் காணாமலே மறைகிறார்.

இப்படத்தை நாம் முதன்முதலில் கண்டது தொலைக்காட்சியில். நம் பாட்டனார் திரைப்படம் பார்க்கும் வழக்கம் இல்லாதவர். கூடத்தில் படம் ஓடினால் திண்ணைக்குச் சென்றுவிடுவார். அன்று தண்ணீர் கேட்க உள்ளே வந்தவர், கதவு நிலையைப் பிடித்தவாறே நின்றுவிட்டார். சிமெண்டு மூட்டை களவு போகும் செய்தியைக் கட்டடத் தொழிலாளியான பெண் ஒருத்தி சுதாவிடம் சொல்லும் இடத்தில், “அதேதான், அதேதான்” என்றார். பாட்டனார் பாத்திரம் மறைந்த பின் எதுவும் சொல்லாமல் திண்ணைக்குச் சென்றார். இரவு உணவின் போதுதான், “வீடு கட்டினவன் எவனோ ஒருத்தன் உட்கார்ந்து யோசிச்சு எடுத்திருக்கான்” என்றார். நாம் அறிந்தவரை அவர் ஒரு படத்தைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். பெரியோர் வெறுப்பது திரைப்படத்தை அன்று, அதிலுள்ள பொய்ம்மையைத்தான் என்று அன்று நமக்குப் புரிந்தது. மெய்யைக் காட்டினால் அவர்களும் நின்று பார்ப்பார்கள்.

வெகுளி: உதிரிப்பூக்கள்

மகேந்திரன் இயக்கிய 'உதிரிப்பூக்கள்' 1979-இல் வெளியாயிற்று. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' தந்த தூண்டுதலில் எழுந்த கதை. சுந்தரவடிவேலு என்னும் ஊர்ப் பெரிய மனிதன், மனைவியை மனத்தளவில் சிறிது சிறிதாக வதைப்பவன். ஓங்கிய குரலில் பேசுவதில்லை, மீசை முறுக்குவதில்லை. மென்மையாகப் பேசியே கொடுமை செய்கிறான். விஜயன் ஏற்ற அப்பாத்திரம் தமிழ்த்திரையின் வழக்கமான வில்லன்களிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. குடும்பத்துக்குக் கேடு செய்வதும் அலைக்கழிப்பதும் வெகுளிக்குக் காரணம் என்று இலக்கணம் கூறும். அவ்விரண்டையும் அவன் செய்கிறான். இறுதியில் ஊரார் பொறுமையிழந்து அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டு செல்கின்றனர்.

இங்கே நம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாணவப் பருவத்தில் விடுதிக் கூடத்தில் இப்படத்தைக் கண்டோம். ஊரார் அவனைச் சூழ்ந்த காட்சியில் கூடம் முழுவதும் கைதட்டியது. நாமும் தட்டினோம். அடுத்த சில நொடிகளில் அவன் ஊராரை நோக்கிப் பேசுகிறான். இதுவரை தான் ஒருவனே தீயவனாக இருந்ததாகவும், இன்று அவர்கள் அனைவரையும் தன்னைப் போல் ஆக்கிவிட்டதாகவும், தான் செய்த தவறுகளிலெல்லாம் பெரியது அதுவே என்றும் பொருள்படும் பேச்சு அது. பிறகு ஆற்றில் இறங்குகிறான். அவன் குழந்தைகள் இருவரும் கரையில் தனித்து நடக்கின்றனர். கைதட்டிய கூடத்தில் பேச்சில்லை. தட்டிய கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நாம் அமர்ந்திருந்தோம்.

அவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. அவனுக்காக நாம் இரங்க வேண்டும் என்று படமும் கேட்கவில்லை. ஆனால் நியாயமான சினமும் கூட்டமாகத் திரண்டு தானே தீர்ப்பளிக்கப் புகுந்தால் என்னவாகும் என்று அது கேட்கிறது. அந்த வினாவுக்கான விடையை நாம் வேறொரு நாட்டுப் படத்தில், பல ஆண்டுகள் கழித்துக் கண்டோம்.

நடுவுநிலைமை: பன்னிருவர்

அமெரிக்க இயக்குநர் சிட்னி லூமெட் 1957-இல் இயக்கிய முதல் திரைப்படம் 'டுவெல்வ் ஆங்ரி மென்'. சினங்கொண்ட பன்னிருவர் எனலாம். தந்தையைக் கத்தியால் குத்திக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பதினெட்டு வயது ஏழை இளைஞனின் வழக்கு. பன்னிரண்டு நடுவர்கள் ஓர் அறையில் கூடி ஒருமனதாக முடிவு செய்ய வேண்டும். குற்றவாளி என்றால் அவனுக்கு மரண தண்டனை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் படம் பெரும்பாலும் அந்த ஒரே அறைக்குள் நடக்கிறது. முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் குற்றவாளி என்கின்றனர். ஹென்றி ஃபோண்டா ஏற்ற எட்டாம் நடுவர் ஒருவர் மட்டும் மறுக்கிறார். அவன் நிரபராதி என்று அவர் வாதிடவில்லை. ஓர் உயிரைப் போக்குமுன் சிறிது நேரம் பேசுவோம் என்பதே அவர் வேண்டுகோள்.

பேசத் தொடங்கியதும் உறுதியாகத் தோன்றிய சான்றுகள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. உலகில் வேறெங்கும் கிடைக்காதது எனப்பட்ட கத்தியைப் போன்ற ஒன்றை அவரே கடையில் வாங்கி வந்து மேசையில் குத்துகிறார். கால் நொண்டும் முதியவர் சொன்ன நேரத்துக்குள் கதவை அடைந்திருக்க முடியுமா என்று நடந்து பார்க்கின்றனர். கண்ணால் கண்டதாகச் சொன்ன பெண்ணின் மூக்கில் மூக்குக்கண்ணாடித் தழும்பு இருந்தது ஒருவருக்கு நினைவு வருகிறது.

இவை அனைத்தினும் நம்மை வருத்திய காட்சி ஒன்றுண்டு. நடுவர்களுள் ஒருவர், அந்த இளைஞனின் இனத்தாரே அப்படித்தான், பிறவியிலேயே பொய்யர் என்று வசைபாடுகிறார். அவரை எவரும் அடிக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து மேசையை விட்டு விலகி முதுகு காட்டி நிற்கின்றனர். அவர் குரல் தானே தேய்ந்து அடங்குகிறது. ஒரு மனிதன் செய்த குற்றத்தை ஓர் இனத்தின் மேல் ஏற்றுவோர் எந்நாட்டிலும் உளர். ஓர் இனத்தின் பெயரைக் கேட்டதும் ஒரு மனிதனைக் குற்றவாளியாக்குவோரும் உளர். அவர்களுக்குச் செவி கொடுக்க மறுப்பதும் ஒரு விடைதான் என அக்காட்சி கற்பிக்கிறது.

இப்படத்தைத் தழுவி 1986-இல் பாசு சாட்டர்ஜி இந்தியில் 'ஏக் ருக்கா ஹுவா ஃபைஸ்லா' என ஆக்கினார். மூலத்தில் உள்ள குறை, பன்னிருவரும் ஆடவர் என்பது. அது அக்கால நீதிமன்றத்தின் குறையுமாகும். சான்றோர்க்குரிய அணியாகத் தமிழர் போற்றிய நடுவுநிலைமையை இவ்வளவு சுவையாக விளக்கும் படம் வேறொன்றை நாம் கண்டதில்லை.

பெருமிதம்: ஒரு சோடிக் காலணி

பெருமிதம் பிறக்கும் வழிகள் கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன. ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் 'சில்ரன் ஆஃப் ஹெவன்' 1997-இல் வந்தது. செப்பனிடக் கொண்டு சென்ற தங்கையின் காலணியை அலி என்னும் சிறுவன் கடை வாசலில் தொலைத்துவிடுகிறான். தந்தையிடம் புதிது கேட்க வீட்டில் வசதியில்லை. எனவே அண்ணனின் ஒரே காலணியைத் தங்கை காலைப் பள்ளிக்கும், அண்ணன் பிற்பகல் பள்ளிக்கும் மாற்றி மாற்றி அணிகின்றனர். சந்து சந்தாக ஓடுகின்றனர். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு காலணி என்று அறிந்து அலி மூன்றாவதாக வர முயல்கிறான். ஆனால் முதலாவதாக வந்துவிடுகிறான். வெற்றி பெற்ற சிறுவன் அழுது நிற்கும் காட்சி உலகப் படங்களில் அரிது.

இரண்டு இடங்களை மட்டும் சுட்டுவோம். தந்தை பள்ளிவாசலுக்குரிய சர்க்கரைக் கட்டிகளை வீட்டில் அமர்ந்து உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் சர்க்கரையின்றித் தேநீர் தருகிறாள். எதிரே குவியலாகச் சர்க்கரை இருக்கிறதே என்கிறாள் அவள். அது நம்முடையது அன்று என்கிறார் அவர். வறுமையிலும் பிறர் பொருளுக்கு அஞ்சும் அந்த மனத்தை நாம் கற்ற நீதிநூல்கள் அனைத்தும் போற்றும். மற்றோர் இடம்: தொலைந்த தன் காலணியை இன்னொரு சிறுமியின் காலில் ஸஹ்ரா கண்டுவிடுகிறாள். மீட்டு வர அண்ணனும் தங்கையும் அவள் வீடு வரை செல்கின்றனர். அச்சிறுமியின் தந்தை கண்பார்வையற்றவர் என்பதைக் காண்கின்றனர். ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிவிடுகின்றனர். தனக்குரியதைக் கேளாமல் திரும்புவதும் கொடையே ஆகும். இப்படத்தைத் தழுவி 2022-இல் தமிழில் 'அக்கா குருவி' வந்ததை இங்கு நினைவுகூரலாம்.

கொண்டது யாது?

ஆறு படங்களும் வகையால் வேறுபட்டவை. ஆயினும் அவை நம்மிடம் விட்டுச் சென்றது ஒன்றே: முடிவு கட்டுமுன் சற்றுப் பொறு என்பதே அது. 'அந்த நாள்' பல சாட்சிகளைக் கேட்கச் சொன்னது. 'உதிரிப்பூக்கள்' நம் கைதட்டலுக்கு நம்மையே வெட்கப்பட வைத்தது. பன்னிருவர் படம் ஒரு மனிதனின் ஐயம் பதினொருவரின் உறுதியைவிட மேலானதாக இருக்கக்கூடும் என்று காட்டியது. காலணியைக் கேட்கச் சென்ற சிறுவர்கள், வாசலில் நின்று பார்த்த பின்பே முடிவு செய்தனர்.

இன்று இப்பொறுமைக்கு முன்னைவிடத் தேவை மிகுதி. ஒருவர் மீது பழி சுமத்தும் செய்தி கைப்பேசிக்கு வருகிறது. படித்து முடிக்குமுன் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அனுப்பிய பின் அது பொய் என்று தெரிந்தால் அதே பத்துப் பேருக்கும் அதைச் சொல்வோர் எத்தனை பேர்? விடுதிக் கூடத்தில் ஒலித்த கைதட்டல் இன்று விரல் நுனிக்கு வந்துவிட்டது. கூடத்திலாவது பக்கத்தில் ஒருவர் இருந்தார். அவர் முகம் பார்த்து நாம் நாணினோம். இன்று படத்தையும் செய்தியையும் தனியே பார்க்கிறோம், நாணுவதற்கும் துணையில்லை.

ஆதலின் நம் வேண்டுகோள் இது. திரைப்படத்தை முற்றும் விலக்குவதும், வரைமுறையின்றி விழுங்குவதும் ஆகிய இரண்டையும் விடுத்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று நல்ல படங்களைத் தமிழ்த்துறையே தேர்ந்து, பெரியோரையும் அழைத்து உடன் அமர்த்தி, மாணவருக்குக் காட்டலாம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் பேசலாம். எங்கே சிரித்தோம், ஏன் சிரித்தோம். எங்கே சினந்தோம், அச்சினம் முறையானதா என்று கேட்கலாம். தொல்காப்பியம் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நிற்காமல் வாழ்வை அளக்கும் கோலாகவும் அன்று விளங்கும்.

மாணவச் செல்வங்கள் நம் கருத்துகளை அப்படியே ஏற்க வேண்டும் என்பதில்லை. 'காதலிக்க நேரமில்லை' படத்தின் பொய்களை நாம் மன்னித்தது தவறு என்று ஒருவர் வாதிடலாம். வாதிடட்டும். பார்த்தோம், மறந்தோம் என்று எழுந்து செல்லாமல் அவர் வாதிட அமர்ந்தாலே நாம் எழுதியதன் பயன் நிறைவேறும். வாசற்படியில் நின்று படம் பார்த்த நம் பாட்டனாருக்கும் அடுத்த முறை கூடத்தில் ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கலாமே என்னும் வருத்தம் நமக்கு இன்றும் உண்டு. அவ்விருக்கையை இக்கல்லூரியாவது போட்டு வைக்கட்டும்.